கரகரப்பின் மூலத்தைத் தேடி: குமரிக் கடற்கரையில் ஹாம் வானொலி

ஹாம் வானொலியின் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தொலைதூரக் குரல்கள் மெலிந்தே வந்து சேரும். பக்கத்து மின்கம்பத்தில் பறக்கும் சிறு பொறிகூட அவற்றை மூடிவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இதற்கு உப்புக்காற்று ஒரு முக்கியக் காரணம். பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த உப்பு பனியிலோ தூறலிலோ நனைந்ததும் அதன் வழியே மின்சாரம் கசிந்து பொறி எழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றின் இரு பாதியிலும் பொறி எழுவதால் நொடிக்கு 100 துடிப்பாகக் கரகரப்பு கேட்கும். பலத்த மழை உப்பைக் கழுவிவிட்டால் அது அடங்கும். தளர்ந்த கம்பி இணைப்பில் வரும் பொறியோ வெயிலில் கூடி மழையில் குறையும். ஆகவே இரைச்சல் எந்த வானிலையில் கூடுகிறது என்று குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து வீட்டைச் சோதிக்க வேண்டும். வானொலி வாங்கியை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்ததும் இரைச்சல் நின்றால், குற்றவாளி வீட்டுக்குள்தான். பெரும்பாலும் அது மலிவான எல்இடி பல்பாகவோ மொபைல் சார்ஜராகவோ இருக்கும். அதை மாற்றுவதே நல்லது. முடியாவிட்டால் அதன் ஒயரை பெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றலாம். சுற்றுகளை இரட்டித்தால் தடுக்கும் திறன் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆன்டெனா கேபிளுக்கும் இதே மருந்து பொருந்தும்.

இரைச்சல் வெளியிலிருந்து வந்தால், மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் டிரான்சிஸ்டர் வானொலியின் முள்ளை வைத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். உள்ளிருக்கும் பெரைட் கம்பியின் முனை மூலத்தை நோக்கும்போது ஒலி தாழும். இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்தால் கம்பம் பிடிபடும். கம்பத்தின் எண்ணை மின்வாரியத்திடம் சொல்ல வேண்டும். நாமே கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

வலுவான ஒலிபரப்பு நிலையங்களின் தொல்லை வேறு வகை. தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 200 கிலோவாட் திறன் கொண்டது. இத்தகைய அலைகள் வாங்கியின் முகப்பைத் திணறடித்து, இல்லாத நிலையங்களை உருவாக்கும். உள்வரும் அலையைத் தணிக்கும் அட்டெனுவேட்டரை 10 டெசிபெல் போட்டதும் ஒரு குரல் அதைவிட அதிகமாக விழுந்தால், அது வாங்கிக்குள்ளேயே பிறந்த போலி. மத்திய அலையை வெட்டும் வடிகட்டி அதைத் தீர்க்கும். முன்பெருக்கி சேர்ப்பது நிலைமையைக் கெடுக்கும்.

வாங்கியின் குமிழ்களைக் கடைசியில்தான் நாட வேண்டும். மோர்ஸ் கேட்கும்போது பட்டையகலத்தை 2.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸாகச் சுருக்கினால் சீரான இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகும். கூர்மையான துடிப்புகளை நாய்ஸ் பிளாங்கர் வெட்டும். ஐப்பசி இடிமின்னலின் படபடப்புக்கு மட்டும் மூலத்தில் மருந்தில்லை. 14 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மாறினால் அது பெரிதும் குறையும்.