யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அங்கதம் நமக்குப் புதிய சரக்கன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுத்திருக்கிறார். வெளிப்படையாகச் சாடுவது முன்னது. பழியை உள்ளே ஒளித்து வைத்துப் பேசுவது பின்னது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானுடைய படைக்கலங்களின் பளபளப்பைப் புகழ்வதுபோலப் பேசும் புறநானூற்றுப் பாட்டை (95) நாம் அறிவோம். அதைக் கேட்ட தொண்டைமான் நாணினானா, அன்றி முகமன் என்றெண்ணி மகிழ்ந்தானா? பாட்டு அதைச் சொல்லவில்லை. பழிகரப்பின் ஆற்றலும் இடரும் அங்கேதான் உள்ளன. கேட்பவன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடலாம்.

தனித்துப் படிக்கும் வாசகனும் அப்படித்தான் போய்விடுகிறான். ஆகவே இத்தகைய நூலைப் பலர் கூடிப் படிப்பதே தக்கது என்பது என் கருத்து. ஜானதன் ஸ்விஃப்ட்டின் ‘கலிவரின் பயணங்கள்’ என்னும் நாவலை எங்கள் வாசகர் வட்டம் இவ்வாண்டு படித்த முறையைக் கொண்டு இதனை விளக்க விழைகிறேன்.

எங்கள் வட்டத்தில் பதினான்கு பேர். ஆங்கிலத் துறையினர் பாதி. தமிழ், கணிதம், விலங்கியல், கணினி அறிவியல் துறையினர் மீதி. வியாழன்தோறும் வகுப்பு முடிந்தபின் கூடுவோம். ஒருவர் ஆங்கிலத்தில் உரக்கப் படிப்பார். இன்னொருவர் அதைத் தமிழில் சொல்வார். நோட்ஸ், கைடு எதையும் முன்கூட்டியே பார்க்கக் கூடாது. இவற்றோடு பேராசிரியர் ஒருவர் மற்றொரு விதியையும் சேர்த்தார். சிரிப்பு வந்த இடத்தில் ஒவ்வொருவரும் தம் நோட்டில் ஒரு குறி போட வேண்டும். பாகம் முடிந்ததும் நோட்டுகளை ஒப்பிட வேண்டும். விளையாட்டுப்போலத் தோன்றிய இவ்விதியே எங்களுக்குப் பெரிய உரையாசிரியராக அமைந்தது.

நூலின் பிறப்பைச் சிறிது சொல்ல வேண்டும். 1726 அக்டோபர் 28ஆம் நாள் லண்டனில் பெஞ்சமின் மோட் என்பவர் இதை வெளியிட்டார். அட்டையில் ஸ்விஃப்ட்டின் பெயர் இல்லை. லெமுவல் கலிவர் என்ற கப்பல் மருத்துவர் தாமே எழுதியதாக வெளிவந்தது. ஸ்விஃப்ட் அப்போது டப்ளின் நகரின் புனித பேட்ரிக் பேராலயத் தலைமைக் குரு. இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1724இல், அயர்லாந்தின் மீது சுமத்தப்பட்ட செப்புக்காசுகளை எதிர்த்து ஒரு துணி வணிகரின் பெயரில் அவர் கடிதங்கள் எழுதினார். ஆசிரியரைக் காட்டிக் கொடுப்போர்க்கு 300 பவுன் பரிசு என்று அரசு அறிவித்தது. எழுதியவர் யார் என்பது டப்ளினில் பலருக்கும் தெரியும். பரிசு கேட்டு ஒருவரும் போகவில்லை! இத்தகைய மனிதரின் கையெழுத்துப்படியை அச்சிட்ட மோட், அச்சத்தால் சில இடங்களை மாற்றினார். லில்லிபுட் மன்னர் பரிசாக வழங்கும் பட்டு நூல்களின் நீலம், சிவப்பு, பச்சை நிறங்கள் ஆங்கில அரசின் மூன்று விருதுப் பட்டைகளை அப்படியே சுட்டின. முதற் பதிப்பில் அவை வேறு நிறங்களாயின. 1735இல் டப்ளினில் ஃபாக்னர் வெளியிட்ட பதிப்பில்தான் பல திருத்தங்கள் இடம்பெற்றன. டப்ளினைக் குறிக்கும் லிண்டலினோ நகரம், பறக்கும் தீவை எதிர்த்துக் கலகம் செய்யும் பகுதியோ 1899இல்தான் முதன்முதலாக அச்சேறியது.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் அறிந்த கலிவர், நூல்களால் கட்டுண்டு மணலில் கிடக்கும் படத்துக் கலிவர் மட்டுமே. சிறுவர் பதிப்புகள் முதலிரண்டு பயணங்களோடு நின்றுவிடுகின்றன. நாவலில் இருப்பவை நான்கு.

லில்லிபுட்டில் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அந்நாட்டு மனிதர் ஆறு அங்குல உயரம். கலிவர் அவர்களைப்போல் 12 மடங்கு. அவருக்கு எத்தனை பேர் சாப்பாடு போடுவது என்று அரசவைக் கணித வல்லுநர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரு பிரதியில் 1724 பேர் என்றிருந்தது. வேறொரு பிரதியில் 1728. கணிதத் துறை நண்பர் 12ஐ மும்மடியாகப் பெருக்கி 1728தான் சரி என்று தீர்த்து வைத்தார். விலங்கியல் நண்பர் விடவில்லை. பெரிய விலங்குக்கு எடைக்கு நேர் விகிதத்தில் உணவு தேவைப்படாது, ஏறத்தாழ எடையின் முக்கால் அடுக்கே கணக்கு, ஆகவே 270 பேர் சாப்பாடே கலிவருக்குப் போதும் என்றார். அன்று முழுவதும் சோற்றுக் கணக்கிலேயே போயிற்று.

அமைச்சர் பதவிக்குக் கயிற்றின் மேல் ஆடிக் காட்ட வேண்டும் என்ற பகுதிக்குப் பதினான்கு நோட்டிலும் குறி இருந்தது. நிதியமைச்சர் ஃபிளிம்நாப் என்பது அக்காலப் பிரதமர் ராபர்ட் வால்போலைக் குறிக்கிறது என்று உரையாசிரியர்கள் கூறுவர். ஆனால் வால்போலை நினைத்துச் சிரித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. எதிரெதிர்க் கட்சிகளை ஆதரிக்கும் நண்பர்கள் இருவர் ஒரே வரியில் சிரித்திருந்தார்கள். யாரை எண்ணி என்று கேட்டபோது, ஒவ்வொருவரும் மற்றவருடைய தலைவரைச் சொன்னார்! முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்ற பூசலில் 11,000 பேர் உயிர்விட்ட கதையும் அப்படியே. கணினித் துறை மாணவி ஒருத்தி, எண்ணின் எந்தப் பைட்டை முதலில் வைப்பது என்ற சச்சரவுக்கு டேனி கோஹன் என்ற அறிஞர் 1980இல் இக்கதையிலிருந்தே பெயரிட்டார் என்று விளக்கினாள்.

சிரிப்புக் குறைந்த முதலிடம், மன்னரின் கருணையைப் பற்றியது. கொடிய தண்டனை ஒன்று விதிக்கப்படும் போதெல்லாம் மன்னர் தம் இரக்க குணத்தைப் பாராட்டி உரை நிகழ்த்துவாராம். அவ்வுரையைக் கேட்டாலே குடிமக்கள் நடுங்குவராம். இங்கே குறி போட்டவர் நால்வரே. இதில் எல்லோரும் தம்மைக் குடிமக்கள் பக்கம் வைத்துப் படித்திருந்தோம்.

இரண்டாம் பயணத்தில் அளவு தலைகீழாகிறது. பிராப்டிங்நாக் நாட்டு அரக்க உருவினரிடையே கலிவர் விரலளவு மனிதர். தம் தாய்நாட்டின் நாடாளுமன்றம், நீதிமன்றம், போர்கள் ஆகியவற்றை அவர் பெருமையோடு வருணிக்கிறார். மன்னர் அமைதியாகக் கேட்டு, இடையிடையே குறுக்குக் கேள்வி போடுகிறார். பின்பு கலிவர், வெடிமருந்து செய்யும் முறையைக் கற்றுத்தருவதாகச் சொல்கிறார். ஒரே நாளில் ஒரு நகரை இடித்துத் தள்ளலாம் என்கிறார். மன்னர் அதிர்ந்துபோய் மறுக்கிறார். நல்ல வாய்ப்பைக் கைவிட்ட இந்த மன்னருக்குத்தான் எவ்வளவு குறுகிய மதி என்று கலிவர் இரங்குகிறார்! பழிகரப்பின் இலக்கணம் இங்கே முழுமை பெறுகிறது. ஔவையார் தாம் சொல்வதன் உட்பொருளை அறிந்தே சொன்னார். கலிவரோ அறியாமலே சொல்கிறார். பழியை ஒளித்து வைத்தவர் அவருக்குப் பின்னால் நிற்கும் ஸ்விஃப்ட். இதுவரை கலிவரோடு சேர்ந்து சிரித்த நாங்கள், இங்கே முதன்முதலாகக் கலிவரைப் பார்த்துச் சிரித்தோம்.

மூன்றாம் பயணத்தை நான் விரைந்து கடக்கிறேன். பறக்கும் தீவு, வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிழிந்தெடுக்கும் லகாடோ ஆராய்ச்சிக் கழகம் என்று துணுக்குகளாகச் செல்வதால் நான்கிலும் நலிந்தது இதுவே என்பேன். அறிவியல் துறை நண்பர்கள் இதில் சற்று முகம் சுளித்தார்கள். சாகாவரம் பெற்றும் மூப்பு நீங்காத ஸ்ட்ரல்ட்பிரக் மக்களின் பகுதி மட்டும் விதிவிலக்கு; தம் பாட்டியை நினைத்துக்கொண்டு ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போனார்.

நான்காம் பயணம் குதிரைகளின் நாடு. ஹூயினம் எனப்படும் அக்குதிரைகள் பகுத்தறிவே உருவானவை. பொய் என்பதற்கு அவற்றின் மொழியில் சொல்லே இல்லை. அங்கே அழுக்கும் பேராசையும் கொண்டு திரியும் யாஹூ என்னும் விலங்குகள் மனித உருவத்தில் இருக்கின்றன. கலிவர் குதிரைகளை வணங்கத் தொடங்குகிறார். நாங்களும் மெச்சிக்கொண்டே படித்தோம், ஆறாம் அத்தியாயம் வரை.

அங்கே ஒரு செய்தி, போகிற போக்கில் சொல்லப்படுகிறது. வெள்ளை, செம்பழுப்பு, இரும்புச் சாம்பல் நிறக் குதிரைகள் பிறவியிலேயே அறிவு குறைந்தவை. ஆதலால் அவை என்றும் ஏவலர்களே. தம் இனத்துக்கு வெளியே மணம் கொள்ள அவை எண்ணுவதுகூட இல்லை, எண்ணினால் இயற்கைக்கு மாறாகக் கருதப்படும். படித்துக்கொண்டிருந்த முதுகலை மாணவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். விடுதியில் தங்கிப் பயிலும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, “அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. அதைத் திரும்பப் படிங்க,” என்றாள். அவர் திரும்பப் படித்தார். “இது எங்க ஊர்தானே அண்ணா? இதுவா பகுத்தறிவு நாடு?” என்று கேட்டாள். அன்று அதற்குமேல் ஒரு பக்கமும் நகரவில்லை.

தனியே படித்திருந்தால் அவ்வரியைத் தாண்டித்தான் போயிருப்போம். அதற்குமுன் தாண்டிப்போன ஒருவர் எங்கள் கண்முன்னேயே இருந்தார். அதன்பிறகு கண்கள் கூர்மையாயின. குதிரைகளின் பேரவையில், யாஹூக்களைப் பூண்டோடு அழிக்கலாமா என்று விவாதம் நடக்கிறது. நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் கலிவர் யாஹூக்களின் தோலால் படகு செய்கிறார். பாய்க்கு அவற்றின் இளங்குட்டிகளின் தோல். இவ்வளவையும் அவர் தச்சுவேலைக் குறிப்புப்போலச் சொல்லிச் செல்கிறார்.

மேலைத் திறனாய்வாளர்கள் இப்பாகத்தைப் பற்றி இரு கட்சியாக நிற்பதை ஜேம்ஸ் கிளிஃபர்ட் 1974இல் வகுத்துக் காட்டினார். குதிரைகளே ஸ்விஃப்ட்டின் இலட்சியம், மனிதனுக்குக் கடைத்தேற்றம் அரிது என்பது கடுமைக் கட்சி. குதிரைகளை வணங்கும் கலிவரே நகைப்புக்குரியவர் என்பது மென்மைக் கட்சி. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை, ஹூயினங்களின் சமுதாயத்தில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லாத அடக்குமுறையைக் காண்கிறது. எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர் மென்மைக் கட்சி. நானும் அதில்தான் இருக்கிறேன். கலிவரைக் கடலிலிருந்து மீட்டு, உடை கொடுத்து, தம் இல்லத்தில் தங்கவைக்கும் போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் பெத்ரோ தெ மெந்தெஸ் எனக்குப் போதிய சான்று. அத்துணை நல்ல மனிதரையும் கலிவர் யாஹூ என்றே எண்ணி அருவருக்கிறார். எனினும் இக்கட்சியில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது: பழி முழுவதும் கலிவர் தலையில் விழுந்து, படிப்பவன் தப்பித்துக்கொள்கிறான். மாணவியின் கேள்வி அந்த வசதியைக் கெடுத்துவிட்டது.

கடைசி அத்தியாயத்தில் கலிவர் வீடு திரும்பிவிட்டார். இலாயத்தில் நாள்தோறும் நான்கு மணிநேரம் குதிரைகளோடு பேசுகிறார். நெடுநாள் கழித்து, நீண்ட மேசையின் மறுகோடியில் அமர்ந்து உண்ணத் தம் மனைவிக்கு அனுமதி தருகிறார். அப்போதும் புகையிலையும் வாசனைத் தழைகளும் வைத்து மூக்கை அடைத்துக்கொள்கிறார். இங்கே குறி போட்டவர்கள் மூவர். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டபோது, இது வெறும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். குறி போடாத ஒருவர், தம் ஊர்த் தேநீர்க்கடையில் தனிக் குவளை இருந்த காலத்தைத் தந்தையார் சொல்லக் கேட்டதைச் சொன்னார். மூவரில் ஒருவர் ரப்பரை எடுத்துத் தம் குறியை அழித்தார். மற்ற இருவரும், சிரிப்பு சிரிப்புதான் என்று வாதாடினார்கள். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

நூலை எடுத்துப் படிக்க விரும்பும் தோழர்கள், நான்கு பாகங்களும் உள்ள பதிப்புத்தானா என்று பார்த்து வாங்க வேண்டுகிறேன். வட்டம் வரும் பருவத்திலும் வியாழக்கிழமைகளில் கூடும்.