ஆண்ட்ராய்ட் போனில் கஸ்டம் ரோம்: போடலாமா, வேண்டாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூட, அதில் உள்ள விண்டோஸ் சிஸ்டத்தை நீக்கிவிட்டு லினக்ஸ் பதிந்து கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரைத் தயாரித்தது ஒரு நிறுவனம். அதில் இயங்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்னொருவர் தயாரித்தது. எனவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போடுவது நடக்கக் கூடிய வேலைதான். இதே வேலையைச் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்ட் போனிலும் செய்திடலாம். இதற்குத் தேவை ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல யு.எஸ்.பி. கேபிள், கொஞ்சம் பொறுமை. ஆனால் "செய்ய முடியுமா?" என்பதைக் காட்டிலும் "செய்ய வேண்டுமா?" என்பதே முக்கியமான கேள்வி. அதை இங்கு பார்க்கலாம்.

கஸ்டம் ரோம் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். ராம் என்பது போன் இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக மெமரி. ரோம் என்று இங்கு சொல்வது, போனில் பதியப்பட்டிருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுவதையும் குறிக்கிறது. போனுடன் நிறுவனம் தருவது ஸ்டாக் ரோம். அதை நீக்கிவிட்டு மற்றவர்கள் தயாரித்த சிஸ்டத்தைப் பதிந்தால் அது கஸ்டம் ரோம்.

மற்றவர்கள் எப்படித் தயாரிக்க முடிகிறது? ஆண்ட்ராய்டின் அடிப்படைப் பகுதி ஓப்பன் சோர்ஸ் ஆகும். அதன் மூல வரிகளை யாரும் எடுத்து, மாற்றி, தங்கள் விருப்பப்படி ஒரு சிஸ்டத்தை உருவாக்கலாம். 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் அறிமுகமான பார் ஓ.எஸ். கூட இந்த அடிப்படையில் அமைந்ததுதான். அது தகவல் பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் அமைப்புகளை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. வீட்டுப் பயனாளர்கள் டவுண்லோட் செய்து பயன்படுத்துவதில் பெயர் பெற்றது லீனியேஜ் ஓ.எஸ். இதனைத் தன்னார்வலர்கள் தயாரித்து இலவசமாக வழங்குகின்றனர்.

கூகுளின் பிளே ஸ்டோர், மேப்ஸ் போன்றவை ஓப்பன் சோர்ஸ் அல்ல என்பதைக் கவனிக்கவும். எனவே லீனியேஜ் ஓ.எஸ். பதிந்தவுடன் பிளே ஸ்டோர் இருக்காது. கூகுள் அப்ளிகேஷன்கள் அடங்கிய தொகுப்பினைத் தனியாகப் பதிய வேண்டும்.

எதற்காகப் போடுகிறார்கள்?

ஒரு காலத்தில் தமிழுக்காகவே இந்த வேலையில் இறங்கியவர்கள் உண்டு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல ஆண்ட்ராய்ட் போன்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. ஓபரா மினி பிரவுசரில், எழுத்துகளைப் படங்களாகக் காட்டும் ஒரு செட்டிங்கினை இயக்கித்தான் பலர் தமிழ் இணைய தளங்களைப் படித்தனர். சிலர் போனை ரூட் செய்து தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்தனர். இன்று அந்தப் பிரச்னை இல்லை.

இன்றைய காரணம் வேறு. போனின் ஹார்ட்வேர் நன்றாக இருக்கும். ஆனால் நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்தியிருக்கும். சில ஆண்டுகள் சென்றபின் அப்ளிகேஷன்களும் ஒவ்வொன்றாகக் கை விரிக்கும். எடுத்துக்காட்டாக, ஆண்ட்ராய்ட் 4.4 இயங்கும் போன்களுக்குத் தந்த ஆதரவை வாட்ஸ் அப் 2025 ஜனவரியில் நிறுத்தியது. இத்தகைய போன்களுக்குக் கஸ்டம் ரோம் புதிய ஆண்ட்ராய்ட் பதிப்பைத் தரும். நீக்க முடியாமல் ஒட்டிக் கொண்டிருக்கும் விளம்பர அப்ளிகேஷன்களும் போய்விடும்.

யுரேகா தரும் பாடம்

கஸ்டம் ரோம் இந்தியக் கடைகளுக்கே வந்து சேர்ந்த கதை ஒன்று உண்டு. 2009-ல் ஸ்டீவ் கோண்டிக் என்பவர் சயனோஜென் மாட் என்ற ரோமைத் தொடங்கினார். அது பெரிதாக வளர்ந்து, 2013-ல் சயனோஜென் என்ற நிறுவனமானது. 2014 டிசம்பரில் ஒன் பிளஸ் ஒன் போன் இந்த சிஸ்டத்துடன் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதே மாதம் மைக்ரோமேக்ஸ் நிறுவனம் தன் யு பிரிவின் யுரேகா போனை அறிவித்தது. விலை ரூ.8,999. இதிலும் சயனோஜென் சிஸ்டம்தான்.

இந்தியாவில் இந்த சிஸ்டத்தைத் தரும் உரிமை தனக்கே உள்ளது என்று மைக்ரோமேக்ஸ் டில்லி உயர் நீதிமன்றம் சென்றது. ஒன் பிளஸ் ஒன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டு, பின் அதே மாதத்தில் மேல் முறையீட்டில் அந்தத் தடை நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்கள் சண்டையிடும் அளவுக்கு மதிப்பு பெற்றிருந்த அந்த சிஸ்டம் என்ன ஆனது தெரியுமா? இரண்டே ஆண்டுகளில், 2016 டிசம்பர் 31-ல், சயனோஜென் நிறுவனம் தன் சேவைகளை நிறுத்தியது. அதை நம்பியிருந்த போன்களுக்கு அங்கிருந்து அப்டேட் வருவதும் நின்றது. தன்னார்வலர்கள் அதே மூல வரிகளை எடுத்து லீனியேஜ் ஓ.எஸ். என்ற பெயரில் தொடர்ந்தனர்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. நிறுவனம் போனாலும் ஓப்பன் சோர்ஸ் வேலை பிழைத்துக் கொள்ளும் என்பது ஒன்று. உங்கள் போன் மாடலுக்கு யாராவது ஒருவர் தொடர்ந்து உழைத்தால் மட்டுமே அப்டேட் வரும் என்பது மற்றொன்று. அந்த ஒருவர் போனை மாற்றிவிட்டால், பட்டியலிலிருந்து உங்கள் மாடலும் போய்விடலாம்.

பூட்லோடர் என்னும் பூட்டு

போனை ஆன் செய்தவுடன் முதலில் இயங்கும் புரோகிராம்களில் ஒன்று பூட்லோடர். சிஸ்டத்தை யாரும் மாற்றவில்லை என்று சோதித்த பிறகே அது ஆண்ட்ராய்டை இயக்கும். கஸ்டம் ரோம் பதிய வேண்டுமானால் இந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும்போது நடப்பவை:

1. போனில் உள்ள போட்டோ, மெசேஜ், பைல் அனைத்தும் அழிக்கப்படும். இது பாதுகாப்பிற்காக வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஏற்பாடு.

2. ஒவ்வொரு முறை போனை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைச் செய்தி ஒன்று வரும்.

3. பல நிறுவனங்களின் வாரண்டி போய்விடும். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பில் நிரந்தர அடையாளம் விழும். பழைய சிஸ்டத்தையே திரும்பப் பதிந்தாலும் அது மாறாது. செக்யூர் போல்டர் போன்ற வசதிகள் திரும்பக் கிடைக்காது.

எல்லா நிறுவனங்களும் திறக்க விடுவதில்லை. கூகுள் பிக்ஸெல் போன்களில் செட்டிங்ஸ் பகுதியிலேயே இதற்கான வழி உள்ளது. ஷாவ்மி நிறுவனத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஹுவாவே 2018-ல் திறவு எண் தருவதையே நிறுத்திவிட்டது. எனவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மாடலில் பூட்டைத் திறக்க முடியுமா என்பதைத்தான்.

பணம் அனுப்ப முடியுமா?

நம் நாட்டில் மிக முக்கியமான கேள்வி இதுதான். 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு, போன்தான் நம் மணிபர்ஸ். வங்கி அப்ளிகேஷன்கள் இயங்கும் முன், போன் நம்பகமானதா என்று பிளே இன்டெக்ரிடி என்னும் கூகுள் சேவை மூலம் கேட்டுக் கொள்ள முடியும். பூட்லோடர் திறந்திருந்தால் அதற்கு நல்ல பதில் கிடைக்காது. சில அப்ளிகேஷன்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. சில உடனே நின்றுவிடும். இன்று இயங்கும் ஒன்று, அடுத்த அப்டேட்டில் மறுக்கலாம். இதனை ஏமாற்றிச் செல்லும் வழிகளைச் சிலர் சொல்லித் தருவார்கள். உங்கள் வங்கிக் கணக்கு உள்ள போனில், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு புரோகிராமிற்கு முழு அதிகாரம் தருவது சரியல்ல.

பேசுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜியோ நெட்வொர்க்கில் 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்புகள் வோல்டி போன்ற முறைகளில்தான் செல்கின்றன. நீங்கள் பதியும் ரோமில் வோல்டி சரியாக இயங்கவில்லை என்றால், இன்டர்நெட் கிடைக்கும். ஆனால் சாதாரண அழைப்பு போகாது.

ஒரு பூக்கடை போன்

இனி ஒரு நேரடி எடுத்துக்காட்டு. சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோவில் பக்கம் என் மாமா பூக்கடை வைத்திருக்கிறார். விடியும் முன் தோவாளை சந்தையில் பூ எடுத்து, போனிலேயே பணம் அனுப்பிவிடுவார். கல்யாண மாலை ஆர்டர் வருவது வாட்ஸ் அப்பில். சென்ற ஆண்டு, அவருடைய வங்கி அப்ளிகேஷன், "இந்த ஆண்ட்ராய்ட் பதிப்பில் விரைவில் இயங்காது" என்று செய்தி காட்டத் தொடங்கியது. போனுக்கு நிறுவனம் அப்டேட் நிறுத்தி நாளாகியிருந்தது.

"கீழ விழல, உடையல. நல்லா இருக்க போனைத் தூக்கிப் போடணுமா மக்கா? நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, ஏதாவது பண்ணு" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மாடல் லீனியேஜ் ஓ.எஸ். பட்டியலில் இருந்தது. பதிந்தால் புதிய ஆண்ட்ராய்ட் கிடைத்துவிடும். ஆனால் எந்த அப்ளிகேஷனுக்காகப் புதிய ஆண்ட்ராய்ட் தேவைப்பட்டதோ, அதுவே பூட்லோடரைக் காரணம் காட்டி மறுக்கலாம். இன்னொன்றும் யோசித்தேன். மார்கழித் திருவிழா பத்து நாளும் கடையில் கூட்டம் இருக்கும். தேரோட்டத்தன்று காலையில் போன் நின்றுபோனால் அவர் யாரிடம் கேட்பார்? நான் வேலை செய்யும் சென்னை 700 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், "சிஸ்டத்தை மாற்றியிருக்கிறீர்கள்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

"மாமா, கடைக் கணக்கு ஓடுற போன்ல நான் கை வைக்க மாட்டேன். பணத்துக்குச் சின்னதா ஒரு புது போன் வாங்கிருங்க. இதை நான் வேற வழிக்குக் கொண்டு வாறேன்" என்றேன். அவருக்கு முழு திருப்தி இல்லை. என்றாலும் அதிக விலை இல்லாத போன் ஒன்று வாங்கினார். சிம், வங்கி, வாட்ஸ் அப் எல்லாம் அதற்கு மாறி, இரண்டு வாரம் சிக்கலின்றி ஓடிய பிறகே பழைய போனில் லீனியேஜ் ஓ.எஸ். பதிந்தேன். இன்று அது வீட்டில் அத்தைக்குப் பாட்டுக் கேட்கவும், வீடியோ அழைப்பில் பேரனைப் பார்க்கவும் பயன்படுகிறது. முன்பைவிட வேகமாகவே இயங்குகிறது. சோதனைக்காக அதே வங்கி அப்ளிகேஷனை அதில் பதிந்து பார்த்தேன். திறக்க மறுத்துவிட்டது.

செய்வது என முடிவெடுத்தால்

* உங்கள் மாடல் எண்ணைச் சரியாகப் பார்க்கவும். ஒரே பெயரில் விற்கும் போன்களில் உள்ளே வெவ்வேறு சிப்கள் இருக்கலாம். ஒன்றிற்கான ரோமை மற்றொன்றில் பதிந்தால் போன் செங்கல்லாகிவிடும்.

* ரோம் தயாரிப்பவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்திடவும். அங்கு தரப்பட்டுள்ள செக்சம் எண்ணை உங்கள் பைலின் எண்ணுடன் ஒப்பிடவும்.

* போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, போட்டோக்கள் அனைத்தையும் ஒரு போல்டரில் காப்பி செய்திடவும். தொலைபேசி எண்கள், வாட்ஸ் அப் பேக் அப் ஆகியவற்றையும் சரி பார்க்கவும்.

* நிறுவனத்தின் ஸ்டாக் ரோம் கிடைக்குமா என்று முன்பே பார்த்து வைக்கவும். திரும்பி வர வழி வேண்டும்.

* பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகியிருக்கட்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் உண்டு. இடி மின்னல் என்றால் மின்சாரம் போகும். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். லேப்டாப் நல்லது.

* கஸ்டம் ரோம் பதிந்த பிறகு பூட்லோடரை மீண்டும் பூட்ட முயல வேண்டாம். பல மாடல்களில் போன் எழுந்திருக்காது.

* ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடவும். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இன்னொரு உண்மையையும் தெரிந்து கொள்ளுங்கள். கஸ்டம் ரோம் ஆண்ட்ராய்ட் பகுதியைத்தான் புதுப்பிக்கும். சிப், மோடம் ஆகியவற்றின் உள் சாப்ட்வேரைச் சரி செய்ய அவற்றைத் தயாரித்தவர்கள்தான் வர வேண்டும். எனவே பழைய போன் முழுப் பாதுகாப்புடன் புதுப் போனாகிவிடாது.

போன் மெதுவாக இயங்குகிறது என்பது மட்டுமே உங்கள் குறை என்றால், இவ்வளவு தூரம் போக வேண்டாம். தேவையற்ற அப்ளிகேஷன்களை நீக்குங்கள். நீக்க முடியாதவற்றை டிஸ்ஏபிள் செய்திடுங்கள். ஸ்டோரேஜில் இடம் ஏற்படுத்துங்கள். பேட்டரி பழசாகியிருந்தால் மாற்றுங்கள். கடைசியாக, பேக் அப் எடுத்துக் கொண்டு பேக்டரி ரீசெட் செய்து பாருங்கள். பல போன்களுக்கு இதுவே போதும்.

மேஜை டிராயரில் சும்மா கிடக்கும் போன், திறக்கக் கூடிய பூட்லோடர், பட்டியலில் உங்கள் மாடல் என்ற மூன்றும் இருந்தால் தாராளமாக முயன்று பாருங்கள். ஆண்ட்ராய்ட் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக் கொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை. உங்கள் சம்பளமும் கடைக் கணக்கும் ஓடும் ஒரே போன் அது என்றால், அதைத் தொட வேண்டாம்.