பாதையும் வீதியும்: கிண்ணியாவின் விபத்து மரணங்கள் பற்றி

அகராதியில் பாதை என்றால் வழி. எங்கள் கிழக்குக் கரையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் துறையைக் கடத்திவிடுகிற மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். "பாதை வந்திட்டா?" என்று கிண்ணியாவில் ஒருவர் கேட்டால், வழி தெரியாமல் கேட்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் திருகோணமலைப் பயணம் என்றாலே பாதைக்குக் காத்திருந்த நேரம்தான் ஞாபகம் வரும்.

அந்தக் காத்திருப்பு 2009 ஒக்டோபரில் முடிந்தது. சவூதி நிதியுதவியோடு கட்டப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் என்று பேசப்பட்டது. 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று தெற்கே இருந்த துறைகளுக்கும் பாலம் வந்து, மட்டக்களப்பு–திருகோணமலை வீதியான ஏ15 முழுக்கத் தரைவழியானது. காப்பெட் போட்டார்கள். லீசிங் கம்பனிகள் வந்தன. முற்பணம் கொஞ்சம் கட்டினால் மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. அதுவரை மணிக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்த ஓர் ஊர், பத்து வருடத்துக்குள் எழுபதில் ஓடத் தொடங்கியது. வீதியைப் போட்டார்கள், அந்த வேகத்துக்கு உரிய நடைபாதையையோ வெளிச்சத்தையோ பள்ளிக்கூட வாசலில் தடுப்பையோ அதே வேகத்தில் போடவில்லை.

ஆனாலும் எல்லா இடத்துக்கும் பாலம் வந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை குறிஞ்சாக்கேணியில் நடந்ததை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாலவேலை நடந்துகொண்டிருந்தது. அதுவரைக்குமென்று ஓடவிட்ட பாதை, பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் ஆட்களோடு கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் மௌத்தானார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். சிகிச்சையில் இருந்தவர்களாலும் பிறகு எண்ணிக்கை கூடியது. அளவுக்கு மேல் ஏற்றினார்கள், உயிர்காப்பு அங்கி இல்லை, அனுமதி கொடுத்தது யார், பாலம் ஏன் இன்னும் முடியவில்லை என்று ஊரே கேட்டது. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பாதையை நடத்தியவர்கள் கைதானார்கள். பாராளுமன்றத்தில் பேசினார்கள். கடற்படை வந்து படகு விட்டது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் இலங்கை வீதிகளில் இறந்தவர்கள் ஆண்டுக்கு 3,000ஐத் தாண்டினார்கள். கொரோனா முடக்கம் வந்த 2020இல் அது 2,500க்குக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு 2024 வரைக்கும் ஏறத்தாழ 2,300க்கும் 2,600க்கும் இடையில்தான் நிற்கிறது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, கியூஆர் அட்டையில் லீற்றர் கணக்காக வாங்கிய 2022இலும்கூட அது இரண்டாயிரத்துக்குக் கீழே போகவில்லை. வருடத்துக்கு 2,400 என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஆறு அல்லது ஏழு பேர். குறிஞ்சாக்கேணியில் அன்று நாம் இழந்த அதே தொகை, நாடு முழுக்கவும் ஒவ்வொரு நாளும் போகிறது.

ஒரே நேரத்தில் ஓரிடத்தில் ஆறு பேர் போனால் பொறுப்பு யார் என்று கேட்கிறோம். ஒவ்வொருவராக ஒவ்வொரு சந்தியில் போனால் "கத்ர்" என்கிறோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வருகிறது, அஸருக்குப் பிறகு நல்லடக்கம், மூன்றாம் நாள் வீட்டில் கூட்டம், அத்தோடு முடிகிறது. கத்ரை நம்புவது நம் ஈமானின் பகுதி, அதில் பேச்சில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்று சொல்லித் தந்ததும் அதே மார்க்கம்தானே. குறிஞ்சாக்கேணிப் பாதைக்கு யாரும் "கத்ர்" என்று சொல்லி வாய்மூடவில்லை. அது சரியான காரியம். வீதி மரணத்துக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல் என்பதுதான் என் கேள்வி.

நம் பக்கத்து வீதியின் இயல்பு கொஞ்சம் வேறு. இது துறைமுக மாவட்டம். சீனக்குடாவில் பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள் எல்லாம் ஒரே வட்டாரத்துக்குள் இருக்கின்றன. நாட்டின் உட்பகுதிக்குப் போகிற மாவும் சீமெந்தும் எரிபொருளும் லொறியிலும் பௌசரிலும் ஏ6 வீதிக்கு ஏறி, தம்பலகாமம், கந்தளாய், ஹபரணை என்று போகின்றன. இந்தப் பக்கம் மகாவலி மணல் ஏற்றிய டிப்பர்கள். கிண்ணியாவிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ போகிற ஒருவர், அந்தச் சுமார் 20 கிலோமீற்றரில் ஒரு பகுதியை இந்தக் கனரக வாகனங்களோடு பங்குபோட்டுத்தான் ஓடவேண்டும். அவர் ஓடுவதோ நூறு சொச்சம் கிலோ நிறையுள்ள மோட்டார் சைக்கிள். பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, ஹேண்டிலில் மரக்கறிப் பை. நாட்டில் வீதியில் இறப்பவர்களில் மிகப் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான், அடுத்து நடந்துபோகிறவர்கள். காரில் போகிறவர் தகரக் கூட்டுக்குள் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் கூடு அவருடைய உடம்புதான்.

மாடுகளையும் சொல்லவேண்டும். கிண்ணியா, மூதூர் தயிருக்கு நாடெல்லாம் பெயர். அந்தத் தயிர் தருகிற எருமையும் மாடும் மாரி காலத்து இரவில் ஈரத்தரையை விட்டுவிட்டுச் சூடான தார் வீதியில் படுக்க வருகின்றன. கறுத்த வீதி, கறுத்த எருமை, எதிரே வருகிற லொறியின் வெளிச்சம் கண்ணில். திருகோணமலை நகருக்குள் என்றால் மாட்டுக்குப் பதில் மான். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் சர்வசாதாரணமாக வீதி கடக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது அழகு. இரவில் மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து வருகிறவருக்கு அப்படி இல்லை.

வேகத்துக்கு வருவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் போய் முடிகிறது. எனக்குப் பாடம் தமிழ். கணிதம் படிப்பிக்கிற நண்பரைக் கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் ஒரு பிள்ளை வீதிக்குள் ஓடிவருகிறது. அதைக் கண்டு மூளை புரிந்து கை பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் போகும் என்று வைப்போம். அந்த ஒரு செக்கனுக்குள் 40இல் வருகிற வாகனம் 11 மீற்றர் ஓடிவிடும். 60இல் வருவது 17 மீற்றர். காய்ந்த, நல்ல வீதியில் பிரேக் பிடித்து நிற்க முதலாவதற்கு இன்னும் 9 மீற்றர் போதும். ஆக 20 மீற்றரில் நின்றுவிடும். 60இல் வந்ததற்கு மொத்தம் 37 மீற்றர் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டன என்றால், முதல் வாகனம் பிள்ளைக்கு முன்னால் நின்றுபோன அந்த 20ஆம் மீற்றரில் இரண்டாவது வாகனம் என்ன வேகத்தில் இருக்கும்? நம்மில் அநேகர் 20 என்றுதான் சொல்வோம், அறுபதில் நாற்பது போனால் இருபது என்று. விடை ஏறத்தாழ 55. அப்போதுதான் அது பிரேக்கே பிடிக்கத் தொடங்கியிருக்கும். மணல் சிந்திய வீதியில், நவம்பர் மழையில், தேய்ந்த டயரில் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

"இருபதுதானே கூட ஓடினேன்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைத்தான் காட்டவேண்டும். சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர்போகிற விபத்துக்கான வாய்ப்பு நான்கு வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையேதான். நம் சட்டத்தில் நகரப் பகுதிக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 50, முச்சக்கர வண்டிக்கு 40. பிள்ளைகளும் நடப்பவர்களும் வாகனமும் கலக்கிற இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் நாடுகள் சேர்ந்து பிரகடனம் செய்தன. எங்கள் பள்ளிக்கூட வாசலில், விடிய ஏழேகாலுக்கு, முப்பதில் போகிற ஒரு டிப்பரை நான் இன்னும் காணவில்லை.

ஹெல்மட் விசயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். சரியாகப் பூட்டிய ஹெல்மட் தலைக்காயத்தின் அபாயத்தை ஏறத்தாழ 70 வீதமும் மரண அபாயத்தை 40 வீதமும் குறைக்கிறது. நம் ஊரில் அது பொலிஸ் நிற்கிற சந்திவரைக்கும் தலையில், அதற்குப் பிறகு கையில். ஜும்ஆவுக்குப் போகும்போது தொப்பி போட்டிருப்பதால் ஹெல்மட் தேவையில்லை என்று ஒரு எழுதாத சட்டம் வேறு. வெள்ளிக்கிழமை பொலிஸும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். அதை நாம் சலுகை என்று சந்தோசப்படுகிறோம். பள்ளிக்குப் போகிற தலை தாருக்கு விலக்கா என்ன? பின்னால் இருக்கிற மனைவிக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்கும் ஹெல்மட் வாங்குவதில் நாம் காட்டுகிற சிக்கனம் இன்னொரு கதை. வியட்நாமிலும் இதே நிலைமைதான் இருந்தது. 2007 டிசம்பர் 15ஆம் திகதி முதல் எல்லா வீதிகளிலும் ஹெல்மட் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்து, விட்டுக்கொடுக்காமல் பிடித்தார்கள். சில மாதங்களுக்குள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் போட்டார்கள். மனிதர்களை மாற்றமுடியாது என்பது வெறும் பேச்சு.

ஆனால் எல்லாப் பழியையும் பொடியன்மார் தலையில் போடுவதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பதினாறு வயசுப் பிள்ளைக்குச் சாவியைக் கொடுத்தது வாப்பா. லைசன்ஸுக்குப் பதினெட்டு என்று தெரிந்துதான் கொடுக்கிறார், ஏனென்றால் ரியூசன் முடிந்து இரவு எட்டு மணிக்கு வர பஸ் இல்லை. சுவீடன் பாராளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது: மனிதர் பிழை விடுவர், அந்தப் பிழைக்கு மரணம் தண்டனையாகாதபடி வீதியை அமைப்பது அரசின் வேலை. வளைவில் தடுப்பு, சந்தியில் சுற்றுவட்டம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, கடவையில் வெளிச்சம். இதில் ஒன்றும் சுவீடனில் மட்டும் செய்யக்கூடிய வேலை இல்லை.

யாரிடம் கேட்பது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஏ6, ஏ15 போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கையில். மாகாணத்துக்கு உரிய வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதியும் ஒழுங்கையும் நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. பெருவீதியில் வேகத்தடை கேட்டு நகர சபைக்கு மகஜர் கொடுத்துவிட்டு, "ஒன்றும் நடக்கல்ல" என்று குறைப்படுவது அடிக்கடி நடக்கிறது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மோதிவிட்டு ஓடிய, அடையாளம் தெரியாத வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் இழப்பீடு கேட்க வழி உண்டு. அதற்குப் பொலிஸ் முறைப்பாடு இருக்கவேண்டும். நாமோ முறைப்பாட்டுக்கு முதலே சமாதானம் பேசிவிடுகிறோம். காயம் சின்னது என்றால் பொலிஸுக்கே போவதில்லை. ஆஸ்பத்திரியில் "விழுந்திட்டன்" என்று சொல்கிறோம். இதனால் எந்தச் சந்தியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் முழுசாக ஏறுவதில்லை. புத்தகத்தில் இல்லாத சந்திக்கு யார் வேகத்தடை போடுவார்?

ஒரு புத்தகம் நம் கையிலேயே இருக்கிறது. மையவாடியில் அடக்கப்படுகிற ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் திகதியையும் பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதுகிறோம். மரணகாரணம் என்ற இடத்தில் "விபத்து" என்ற ஒரு சொல் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அந்தப் பக்கத்தில் இன்னும் நான்கு விபரம் சேர்க்கலாம்: எந்த இடம், என்ன நேரம், என்ன வாகனம், ஹெல்மட் இருந்ததா. குடும்பத்தை நோகடிக்காமல், நாற்பது நாள் கழித்து விசாரித்தும் எழுதலாம். மாவட்டத்தில் உள்ள பள்ளிவாசல் சம்மேளனங்கள் இதை இரண்டு வருடம் செய்தால், வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறியியலாளருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க ஒரு வரைபடம் கிடைக்கும். கோயில், தேவாலயம், பன்சலை நிர்வாகங்களும் சேர்ந்தால் வரைபடம் முழுமையாகும். பதிவேட்டில் கோடு போட ஓர் அடிமட்டமும் பேனையும் போதும்; அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழும்பிச் சொன்னால் அன்றைக்கே தொடங்கலாம்.