பீப்பாயும் போத்தலும்

எள், நெய் என்னும் இரு சொற்களும் புணர்ந்து எண்ணெய் ஆதலை இலக்கண மாணாக்கர் அறிவர். எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் அச்சொல் தன் பிறப்பை மறந்தது. தேங்காயெண்ணெய் என்றோம், வேப்பெண்ணெய் என்றோம், ஈற்றில் மண்ணின் அடியிலிருந்து வந்ததையும் மண்ணெண்ணெய் என்றோம். சொற்கள் இவ்வாறு பொருளைக் கடந்து செல்வது மொழியின் இயல்பு. அதனால் எவர்க்கும் நட்டமில்லை. அளவைப் பெயரும் விலைப் பெயரும் அவ்வாறு பொருளைக் கடந்து சென்றால், அதற்குரிய பணத்தை யாரோ ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. எரிபொருள் விலையின் வரலாறு பெரும்பாலும் அத்தகையது.

உலகச் சந்தையில் மசகெண்ணெய் பீப்பாய் ஒன்று இத்தனை டொலர் என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். பீப்பாய் போர்த்துக்கேயர் தந்த சொல். அது இங்கே குறிக்கும் அளவையோ அமெரிக்கருடையது. 1859இல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் என்பார் கிணறு துளைத்து எண்ணெய் கண்டபோது, அதனை ஏற்றிச் செல்லத் தனிப் பாத்திரம் இருக்கவில்லை. மதுவும் பிறவும் ஏற்றிய மரப் பீப்பாய்களே கைக்கு வந்தன. அவை பல அளவின. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் பிணக்கு மிகவே, 1866இல் அவ்விடத்து உற்பத்தியாளர் கூடி, 42 கலன் கொண்டதே ஒரு பீப்பாய் என்று முடிவு செய்தனர். அந்தக் கலன் அமெரிக்கக் கலன். நாம் முன்னர்ப் பாவித்த ஆங்கிலக் கலனிலும் சிறியது. நம் பழைய கணக்கிற் பார்த்தால் ஒரு பீப்பாய் ஏறத்தாழ 35 கலன். லீற்றரிற் சொன்னால் 159. இன்று எண்ணெய் குழாயிலும் கப்பலிலும் செல்கிறது. பாத்திரம் ஒழிந்தது, அளவை நின்றது. (அளவைப் பெயர்கள் ஒன்பது எழுத்துக்களையே முதலாக உடையன என்பார் தொல்காப்பியர். பகரமும் ககரமும் அவற்றுள் அடங்குதலின் பீப்பாயும் கலனும் தப்பிக்கொண்டன. லீற்றர்தான் வாயிலுக்கு வெளியே நிற்கிறது.)

நம்மவர் பேச்சில் பீப்பாய் ‘பரல்’ எனவும் வழங்கும். பரல் என்றவுடன் தமிழ் மாணாக்கன் சிலம்பின் பரலை நினைப்பான். அந்த நினைவு இங்கே பயன்படுவதே. பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்த்தது சிலம்பின் புறத்தோற்றம் அன்று. உள்ளிருந்தது முத்தா, மாணிக்கமா என்பதே. எண்ணெய்ப் பரலுக்குள்ளும் இருப்பது ஒன்றன்று. இலேசான எண்ணெய் உண்டு, கனத்தது உண்டு; கந்தகம் குறைந்தது உண்டு, மிகுந்தது உண்டு. இலேசானதிலிருந்து பெற்றோலும் டீசலும் மிகுதியாகப் பெறலாம். கந்தகம் மிக்கதைத் தூய்மையாக்கச் செலவு கூடும். ஆதலால் சில எண்ணெய்களை உரைகல்லாக வைத்து, மற்றவற்றை அவற்றிலிருந்து கூட்டியும் குறைத்தும் விலை பேசுகின்றனர்.

அவ்வுரைகற்களுள் தலையாயது வட கடலிற் பிறந்த பிரென்ட். பிரென்ட் என்பது ஒரு வாத்தினத்தின் பெயர். ஷெல் கம்பனியார் தம் எண்ணெய் வயல்களுக்குப் பறவைப் பெயர் இட்டனர். அந்த வயலின் கடைசி மேடை 2021இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வயல் ஓய்ந்த பின்னும் பெயர் விலையாக வாழ்கிறது. அயல் வயல்களின் எண்ணெய்கள் முன்னரே அப்பெயருக்குள் சேர்க்கப்பட்டிருந்தன. 2023 முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெயும் பிரென்ட் விலையைக் கணிக்கும் தொகுதியிற் சேர்ந்தது. எள் இல்லாத எண்ணெயைக் கண்ட நமக்கு இது வியப்பன்று.

விலை எவ்வளவு தூரம் பொருளை விட்டு விலகலாம் என்பதற்கு 2020 ஏப்பிரல் 20 ஒன்றே சான்று. கொள்ளைநோய்க் காலம், வண்டிகள் ஓடவில்லை. அமெரிக்க எண்ணெயை ஏற்க வேண்டிய கொள்கலங்கள் நிறைந்து போயின. ஒப்பந்தத்தை வைத்திருந்தவர்கள் எண்ணெய் தம் தலையில் விழாதபடி அதனைத் தள்ளிவிட முயன்றனர். அன்று பீப்பாயின் முடிவு விலை பூச்சியத்துக்குக் கீழே 37 டொலர் 63 சதம்! கொள்பவனுக்குக் கொடுப்பவனே காசும் கொடுக்கும் நிலை. அந்நாளில் நம் நாட்டிற் பெற்றோல் லீற்றர் 137 ரூபாவாகவே இருந்தது. உலகவிலை இறங்கும்போது அது நம் படலை வரை வருவதில்லை.

நாம் வாங்குவது பெரும்பாலும் சுத்திகரித்து முடிந்த பெற்றோலும் டீசலுமே. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் தேவையில் ஒரு பகுதியையே நிறைவு செய்யும். சுத்திகரித்த எண்ணெய்க்குச் சிங்கப்பூரில் நாள்தோறும் விலை மதிக்கப்படுகிறது. மாலை 4.30 மணிக்கு முந்திய அரைமணி நேரத்தில் வாங்குவோர் கேட்டதையும் விற்போர் சொன்னதையும் கொண்டு பிளாட்ஸ் என்னும் நிறுவனம் அதனை மதிக்கும். அன்று கைமாறியவை சில கப்பற் சரக்குகளே ஆயினும், ஆசியாவிற் பல பேரங்கள் அம்மதிப்பையே பின்பற்றும். நம் நாட்டு விலைச் சூத்திரத்துக்கும் அடி அதுவே. அதன்மேல் கப்பற்கூலி, காப்புறுதி, வரி, விற்போர் பங்கு என ஏறுகின்றன. இவை எல்லாவற்றிலும் பெரியது, பலர் எண்ணிப் பாராதது, நாணய மாற்று.

வாசகர் தாமே கணித்துப் பார்க்கலாம். 2008 யூலையில் பீப்பாய் 147 டொலர் வரை ஏறிற்று. அதுவரை காணாத உச்சம் அது. அப்போது டொலர் ஏறத்தாழ 108 ரூபா. பெருக்கி 159ஆல் வகுத்தால், மசகெண்ணெய் லீற்றர் ஒன்று 100 ரூபாவளவில் வரும். 2022 யூனில் பீப்பாய் 120 டொலரளவில் நின்றது. டொலரோ 360 ரூபா. அதே கணக்கைச் செய்தால் 272 ரூபா. எண்ணெய் முன்னையிலும் மலிந்திருந்தது, ரூபாவே மெலிந்திருந்தது. எரிபொருள் வரிசையில் நின்றவர் பலர் உலகப் போரையும் எண்ணெய் நாடுகளையும் ஏசினர். ஏச்சின் பெரும்பங்கு சேரவேண்டிய இடம் இன்னும் அருகில் இருந்தது.

வடபுலத்தார்க்கு உலகவிலைக்கும் வீட்டுவிலைக்கும் உள்ள தூரம் புதிதன்று. 1990களின் முற்பகுதியில் உலகச் சந்தையிற் பீப்பாய் 20 டொலரளவிலேயே இருந்தது. அதே காலத்தில் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில் அருமையாய் விற்றது. ஒஸ்ரின் கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மாணாக்கர் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தனர். பிரென்ட் விலையைப் பார்த்து அக்காலத்தை எழுதும் வரலாற்றாசிரியன், எண்ணெய் மலிந்த காலம் என்றே எழுதுவான்.

2022க்கு வருவோம். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் பெற்றோல் ஆண்டுத் தொடக்கத்தில் 177 ரூபா. மார்ச்சில் 254, ஏப்பிரலில் 338, மேயில் 420, யூனில் 470. படிகள் செங்குத்தானவை, எனினும் படிகள். டீசலும் அவ்வாறே ஏறி, பாரவூர்திக் கூலியாகி, மரக்கறி விலையாகி, பஸ் கட்டணமாகி வீடுதோறும் நுழைந்தது. மண்ணெண்ணெய் மட்டும் 87 ரூபாவில் நிறுத்தப்பட்டிருந்தது. ஏழையின் எரிபொருள் என்பது காரணம். ஓகஸ்ட் மாதம் ஓரிரவில் அது 340 ஆயிற்று. 253 ரூபா ஒரே தாவல்!

விலையை உயர்த்தியதே பிழை என்று சொல்ல நான் துணியேன். அடக்கவிலைக்குக் கீழே விற்ற ஒவ்வொரு லீற்றரும் கூட்டுத்தாபனத்தின் கடனாகி, அரச வங்கிகளின் கணக்கில் ஏறியது. மலிவான மண்ணெண்ணெயைப் பிறர் வேறு தேவைக்குத் திருப்பிக்கொள்வதும் உலகெங்கும் கண்ட உண்மை. ஆனால் கார் வைத்திருப்போர்க்கு ஆறு மாதமும் நான்கு படியும் கிடைத்தன. படகு வைத்திருப்போர்க்கு ஓரிரவு. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் உள்ள சிறு கண்ணாடியிழைப் படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன. அவர்களுக்கு 87 சலுகை போலத் தோன்றிய காலத்திலும் எண்ணெய் வேண்டியபோது கிடைக்கவில்லை. கிடைக்கத் தொடங்கியபோது விலை நான்கு மடங்கு. பின்னர் அது இறங்கியதாயினும் பழைய இடத்துக்கு மீளவில்லை.

அவ்வாண்டு செப்டெம்பரில் விலையேற்றம் 69.8 சதவீதம் என்று எங்கும் பேசப்பட்டது. அது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் சொன்ன எண். கொழும்பு மாவட்டத்து நகரக் குடும்பங்களின் செலவுக் கூடையை நிறுத்துப் பெற்றது. தீவு முழுவதுக்குமான தேசியச் சுட்டெண் அதே மாதம் 73.7 என்றது. மண்ணெண்ணெயின் ஏற்றமோ 290 சதவீதம். இந்த 290 அந்த எண்களுக்குள் எங்கே இருக்கிறது என்று தேடினால், விடை கணக்கியலிலே கிடைக்கிறது. அடுப்புக்கு ஊற்றும் எண்ணெய் நுகர்வுச் செலவு. படகுக்கு ஊற்றுவது தொழிற்செலவு. பின்னது நுகர்வோர் சுட்டெண்ணில் நேரே சேராது. மீனின் விலையாய் மாறிச் சந்தைக்கு வந்த பின்பே சேரும். எண்ணெய் வாங்க முடியாமற் கரையிற் கிடந்த படகு மீன் கொண்டுவரவில்லை. பிடிக்காத மீனுக்கு விலையும் இல்லை. ஆதலால் அந்தப் படகு எந்த மாதத்துச் சுட்டெண்ணிலும் இடம்பெறவில்லை.