மீன் கண்காட்சிக்குப் போகும் முன்: பவளம், பாலிதீன் பை, நம்மூர் போர் தண்ணீர்

அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, அடுத்த மாசம் சென்னைல அக்வேரியம் ஷோ ஒண்ணு நடக்குதாம். நான் போறேன். அங்க ஒருத்தர் கோரல் ஃபிராக் தர்றேன்னு சொல்லியிருக்கார். எவ்வளவு பணம் கொண்டு போகணும்?" என்றான். திண்டுக்கல்லில் மாடி ரூமில் கடல் மீன் தொட்டி வைக்க முடிவு பண்ணிவிட்டான். யூடியூப்பில் அமெரிக்கக் கண்காட்சி வீடியோக்கள் பார்த்திருக்கிறான். அங்கே வளர்ப்பவர்கள் தங்கள் பவளத்தில் விரல் நுனி அளவு துண்டை வெட்டி, சின்ன பீங்கான் வில்லையில் ஒட்டி வளர்த்து, மேஜை போட்டு விற்பார்கள். அந்தத் துண்டுக்குத்தான் ஃபிராக் என்று பெயர்.

முக்கால் மணி நேரம் பேசினேன். பேசியதைக் கொஞ்சம் சீர்படுத்தி இங்கே எழுதி வைக்கிறேன். மீன் கண்காட்சிக்கு முதல் தடவை போகிற யாருக்கும் உதவும்.

முதலில் அந்த ஃபிராக். இந்தியாவில் கல் பவளம் எதையும் விலைக்கு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் சேர்க்கப்பட்டன. கூடவே கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி. புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பட்டியல் உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 வருடச் சிறை, 25,000 ரூபாய் அபராதம். உயிருள்ளதா, செத்த கூடா என்ற பேச்சே கிடையாது. "லைவ் ராக்" என்று விற்கும் கல்லும் பெரும்பாலும் பழைய பவளக் கூடுதான்.

"மாமா, அவர் சாஃப்ட் கோரல்னுதான் சொன்னார்" என்றான். இங்கேதான் ஏமாறுவார்கள். ஹாமர், டார்ச், பபிள், கோனியோபோரா என்று சொல்லப்படுபவை தண்ணீரில் பூ மாதிரி ஆடும். பார்த்தால் மெத்தென்று இருக்கும். ஆனால் அடியில் சுண்ணாம்புக் கூடு உண்டு, அதனால் அவை கல் பவளங்களே. காளான் பவளமும் ஸோவாந்திட்டும் அந்த வகையில் சேராது. உள்ளே கூடு கிடையாது. சரி, அதையாவது வாங்கலாமா என்றால், எங்கிருந்து வந்தது என்று கேட்டு பில் வாங்குங்கள். இறக்குமதி என்றால் அதற்கான அனுமதிக் காகிதம் இருக்க வேண்டும். "நம்ம மண்டபம் சைடுதான் சார்" என்று பதில் வந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு சிப்பியை எடுப்பதும் தவறு.

சட்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அந்தக் கடலில் பல வருடம் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. கல் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். உருண்டையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். 2010-லும் 2016-லும் கடல் சூடாகி அங்கே பவளங்கள் வெளுத்தன. வழக்கமான கோடை வெப்பத்தைவிட 1, 2 டிகிரி கூடினாலே அவை தாங்காது. மே மாதத்தில் நம்மூர் மாடி ரூம் என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சில்லர் இல்லாமல், இன்வெர்ட்டர் இல்லாமல் பவளம் வளர்ப்பது இங்கே நடக்காத காரியம்.

இவ்வளவும் சொன்ன பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. கண்காட்சிக்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் தொட்டிதான் ஆசை என்றால் கோமாளி மீனில் ஆரம்பிக்கலாம். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கி வைத்திருக்கின்றன. அப்படி வளர்ந்த மீன் பெல்லட் தீனியைப் பழகியிருக்கும். கடைக்காரரிடம் "ஒரு தடவை தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். சாப்பிடாத கடல் மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பட்டாம்பூச்சி மீன்களில் பல வகை பவளத்தைக் கொறித்தே உயிர் வாழ்பவை. நம் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

இனி நான் பட்ட கதை. சில வருடம் முன்னால் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போய் 14 நன்னீர் மீன் வாங்கினேன். கடைசி நாள் மாலை, பாதி விலை. இரவு ரயிலில் ஊர் வந்து, புத்தகத்தில் போட்டிருந்தபடி பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, வாயைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் ஊற்றினேன். மறுநாள் காலையில் 9 மீன் மிதந்தன. இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகும் முன் அதைப் பார்த்துவிட்டார்கள். கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு பெரும்பாலும் என்னுடையது.

நடந்தது இதுதான். மூடிய பைக்குள் மீன் மூச்சு விடுகிறது, கழிவும் வெளியேற்றுகிறது. மூச்சில் வந்த கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது, பிஎச் இறங்குகிறது. கழிவில் வந்த அம்மோனியா ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அது அம்மோனியமாக, அதிகம் தீங்கில்லாத வடிவில் இருக்கிறது. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நச்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் 6 சதவீதத்துக்கு மேல். பையைத் திறந்ததும் கரியமில வாயு பறக்கிறது, பிஎச் ஏறுகிறது. அதில் நான் பிஎச் 8.1 உள்ள எங்கள் வீட்டு போர் தண்ணீரை வேறு கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். பத்து மணி நேரம் சேர்ந்த அம்மோனியாவை நானே விஷமாக்கி, அதற்குள் மீனை ஒரு மணி நேரம் ஊற வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருக் கடையில் வாங்கி பத்து நிமிஷத்தில் கொண்டுவரும் மீனுக்கு அந்த முறை சரி. ராத்திரி முழுக்கப் பயணம் செய்த மீனுக்கு அது ஆகாது.

இப்போது செய்வது வேறு. பையைத் திறக்காமல் இருபது நிமிஷம் மிதக்க விட்டு சூட்டை மட்டும் சமமாக்குகிறேன். பிறகு திறந்து, உடனே வலையில் மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுகிறேன். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகாது.

அப்படியானால் தண்ணீரின் உப்பு வித்தியாசம்? அதற்கு மீன் வருவதற்கு முன்பே தண்ணீரைத் தயார் பண்ண வேண்டும். முந்நூறு நானூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. கண்காட்சியில் மீன் இருக்கும் தொட்டியிலேயே கேட்டுவிட்டு முக்கிப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. போன தடவை அங்கே 600 காட்டியது. எங்கள் போர் தண்ணீர் 1400, ஆர்.ஓ. தண்ணீர் 60. வீட்டுக்குப் போன் பண்ணி, "நாலு பங்கு போர், ஆறு பங்கு ஆர்.ஓ. கலந்து டப்பில் ஊற்றி ஏர் பம்ப் போட்டு வை" என்றேன். மனைவி திட்டிக்கொண்டே செய்தாள். மீட்டர் 596 காட்டியது. அந்த டப்பிலேயே மூன்று வாரம் தனியாக வைத்து, தினமும் கொஞ்சம் போர் தண்ணீர் சேர்த்து நம் தண்ணீருக்குப் பழக்கிய பிறகுதான் தொட்டி. அந்த முறை வாங்கிய 8 மீனும் இன்னும் இருக்கின்றன. மூன்று வாரத் தனிமைக்கு இன்னொரு லாபம், வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் டப்பிலேயே தெரிந்துவிடும்.

முனிசிபல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஹைப்போ போட மறக்கக் கூடாது.

இதெல்லாம் தெரிந்தவன் கண்காட்சியில் எப்படி வாங்குவான்? மீனை முதல் நாளே வாங்குவான், அல்லது முதல் நாள் பார்த்துப் பேசி வைப்பான். ஸ்டால் தொட்டிகளில் பழகிய ஃபில்டர் இருக்காது. மூன்று நாள் கூட்டம், வெளிச்சம், கண்ணாடியைத் தட்டும் குழந்தைகள். கடைசி நாள் பாதி விலை மீனுக்கு ஆயுளும் பாதிதான். கடைசி நாள் தள்ளுபடியை லைட், ஃபில்டர், ஹீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சியில் உண்மையான லாபம் சாமானில்தான்.

மீனைப் பார்க்கும்போது அந்தத் தொட்டியில் உள்ள எல்லா மீனையும் பாருங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலும் அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, துடுப்பை உடம்போடு ஒட்டி வைப்பது, வயிறு உள்வாங்கியிருப்பது எல்லாம் கெட்ட அறிகுறி. பளிச்சென்று பச்சையும் பிங்க்கும் அடித்த கண்ணாடி மீன்கள் சாயம் ஏற்றியவை. நம்மூர் நீர்நிலைகளில் இருக்கும் நிறமில்லாத மீன்தான் அது, ஊசியில் சாயம் ஏற்றுகிறார்கள். "டேங்க் கிளீனர்" என்று விற்கும் கெளுத்தி ஒரு அடிக்கு மேல் வளரும். பெரிதானதும் கண்மாயிலோ ஆற்றிலோ கொண்டு போய் விடுகிறார்கள், அது அங்கே பெருகிக்கொண்டிருக்கிறது. வாங்காமல் இருப்பதே நல்லது.

தொட்டியின் அளவை எழுதிக்கொண்டு போங்கள். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 85 லிட்டர். மணலும் கல்லும் போட்ட பிறகு 70 தேறலாம். புதுத் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கவே கூடாது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

பேக்கிங் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன், இரட்டைப் பை. ரயிலில் ஏறும் நாளைச் சொல்லி, முந்தைய நாளே தீனியை நிறுத்தச் சொல்லுங்கள். வயிறு காலியான மீன் பையில் குறைவாகக் கழிவு விடும். தெர்மாகோல் பெட்டியை ஊரிலிருந்தே கொண்டு போங்கள், அங்கே நூறு ரூபாய் அதிகம் கேட்பார்கள். கண்காட்சி வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு கொளத்தூர் இருக்கிறது. தெருத்தெருவாக மீன் கடை, வருடம் முழுக்கக் கண்காட்சிதான். அங்கேயும் இதே மீட்டர், இதே பெட்டி.

போனை வைக்கும் முன் அவன் கேட்டான், "மாமா, பாட்டி வீட்டு ஷோகேஸ்ல ஒரு வெள்ளைப் பவளம் இருக்கே, அத டேங்க்ல வைக்கலாமா?" ராமேஸ்வரம் போனபோது அம்மா கோயில் வாசல் கடையில் வாங்கியது. எனக்கு எட்டு வயது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்போது அதை யாரும் தடுக்கவில்லை. விற்க முடியாது, தொட்டியில் போட்டால் பாசி பிடிக்கும், அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

ஃபிராக் தருகிறவரிடம் பில் கிடைக்குமா என்று மட்டும் மெசேஜ் போடச் சொன்னேன். போட்டிருக்கிறான். ரெண்டு நீல டிக் வந்து நாலு நாள் ஆச்சு, பதில் இல்லை.