நுரையீரலின் ஸ்டெம் செல்களைத் தாவரச் சத்துகள் காக்குமா?

புகையும் தூசும் உள்ளே போனால் முதலில் பாதிக்கப்படுவது நுரையீரலின் உட்பரப்பு. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஸ்டெம் செல்களுடையது. மூச்சுக்குழாய்களில் அடித்தளச் செல்களும், காற்று நுண்ணறைகளில் இரண்டாம் வகைச் செல்களும் இதைச் செய்கின்றன. சிகரெட் புகையால் பெருகும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் இவற்றின் டிஎன்ஏவைச் சிதைத்தால், பழுதுபார்க்கும் திறனே குன்றிவிடும்.

செல்லின் சொந்தக் காவல்

இதைத் தடுக்க செல்லுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்து, அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆபத்து நேரத்தில் அந்தப் பிடி தளரும். உடனே என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று, குளுட்டாத்தியோன் உள்ளிட்ட காப்புப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குச் சிகரெட் புகையால் நுரையீரல் சிதைவு சீக்கிரமாகவும் கடுமையாகவும் வந்ததை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

1992-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலே குழுவினர் பிராக்கோலியிலிருந்து சல்ஃபராஃபேன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். கீப்1-இன் பிடியைத் தளர்த்துவதுதான் அதன் முக்கிய வேலை. அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் நம் முருங்கையிலும் உண்டு.

மனிதர்களிடம் பலித்ததா?

சீனாவின் சிடோங் பகுதியில் சுமார் 300 பேர் பங்கேற்ற ஆய்வில், ஒரு பிரிவினர் 12 வாரங்கள் பிராக்கோலி முளைப் பானம் குடித்தனர். காற்று மாசிலுள்ள பென்சீனின் கழிவு, மற்றவர்களைவிட அவர்களின் சிறுநீரில் 61% கூடுதலாக வெளியேறியது. ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு நான்கு வாரம் சல்ஃபராஃபேன் கொடுத்த ஆய்வில், 2016-இல் வெளியான முடிவின்படி, காப்பு மரபணுக்கள் விழிக்கவில்லை.

இன்னும் கடுமையான பாடம் பின்லாந்தில் கிடைத்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், இன்னொரு தாவரச் சத்தான பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமாக வந்தது. 1994-இல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகையே அதிரவைத்தது.

இதற்கான காரணம் முழுதும் தெளிவாகவில்லை என்றாலும், ஒன்றை மறக்கக்கூடாது. வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பகைவர்கள் மட்டுமல்ல. அவற்றின் அளவான ஏற்றம்தான் மூச்சுக்குழாய் ஸ்டெம் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. என்ஆர்எஃப்2 ஓயாமல் இயங்கினாலும் தீங்குதான். பல நுரையீரல் புற்றுக்கட்டிகள் அதைத் தம் கவசமாக்கிக்கொள்கின்றன.

ஆகவே, ஆய்வகத் தட்டில் ஒரு செல் பிழைத்தது என்பதற்காக மருந்துக்கடையில் மாத்திரை தேடவேண்டாம். முருங்கையையும் முட்டைக்கோஸையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். புகைப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தவிருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாகப் புகையை நிறுத்துங்கள். ஸ்டெம் செல்களுக்கு அதைவிட நிச்சயமான பாதுகாப்பு இன்றுவரை இல்லை.