உபகாரமா, உரிமையா?

'பென்ஷன்' என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் 'உபகாரச் சம்பளம்' என்று பெயர் வைத்தார்கள். உத்தியோகத்தில் தலை நரைத்தவருக்கு, "இனி நீர் உழைக்க வேண்டாம், வீட்டிலிருந்தபடியே இதைப் பெற்றுக்கொள்ளும்" என்று சர்க்கார் மனமிரங்கி அளிப்பது என்பதே அந்தப் பெயரின் கருத்து. பெயர் அழகானதுதான். ஆனால் அதற்குள் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. உபகாரம் என்றால், கொடுப்பவர் நினைத்தபோது குறைக்கலாம், நிறுத்தலாம். வாங்குகிறவருக்குக் கேட்க வாயில்லை. உரிமை என்றால் அப்படியல்ல. இவ்விரண்டில் பென்ஷன் எது என்ற கேள்வி, உழைத்த தேசம் ஒன்றும் முதுமையைக் கழிக்கும் தேசம் மற்றொன்றுமாக அமைந்தவர்களுக்கு இன்று வாழ்க்கைப் பிரச்னையாக இருக்கிறது. இங்கிலாந்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்கோ இலங்கைக்கோ திரும்பும் நம்மவர்களும் அவர்களில் சேர்ந்தவர்களே.

சந்தா கட்டிப் பெறுவது

இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கிறவர்கள், சர்க்கார் உத்தியோகஸ்தராயினும் ஆலைத் தொழிலாளியாயினும், 'தேசிய இன்ஷூரன்ஸ்' என்னும் சந்தாவைக் கட்டி வர வேண்டும். 2016-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி முதல் பென்ஷன் வயதை அடைகிறவர்களுக்கு, பொதுவாக 35 வருஷச் சந்தா இருந்தால் முழுப் பென்ஷன் உண்டு. 10 வருஷமாவது இராவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. 66 ஆக இருந்த பென்ஷன் வயது 2026-க்கும் 2028-க்கும் இடையில் படிப்படியாக 67 ஆக உயர்கிறது. சந்தா கட்டியவர் எந்த நிறத்தவர், எந்த தேசத்துப் பிரஜை என்ற கேள்வியில்லை. உலகத்தின் எந்த மூலையில் போய் வசித்தாலும் பென்ஷன் அவரைத் தேடி வரும். இதுவரையில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நிற்க. விலைவாசி ஓயாமல் ஏறுகிற உலகத்தில், ஒரே தொகையை ஆயுள் முழுவதும் கொடுத்தால் அது வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துவிடும். ஆகையால் ஏப்ரல் மாதந்தோறும் பென்ஷனை உயர்த்துகிறார்கள். கூலி எவ்வளவு ஏறியிருக்கிறது, விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அவ்விரண்டுடன் நூற்றுக்கு இரண்டரை என்ற அளவையும் ஒப்பிட்டு, மூன்றில் எது பெரியதோ அதன்படி உயர்த்துவது 2010-க்குப் பிறகு வந்த வழக்கம். இதற்கு 'மூன்று பூட்டு' என்று பெயர். அந்த மூன்று பூட்டும் சில தேசங்களுக்கு மட்டும் திறப்பதில்லை என்பதே விஷயம்.

தேய்ந்து போகும் தொகை

2016 ஏப்ரலில் முழுப் பென்ஷன் வாரத்துக்கு 155 பவுன் 65 பென்ஸ். அந்த வருஷத்தில் ஓய்வு பெற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் லண்டனிலேயே தங்கிவிட்டார். மற்றவர் சென்னைக்குத் திரும்பினார். 2025 ஏப்ரலில் லண்டன்வாசிக்குக் கிடைத்தது வாரத்துக்கு 230 பவுன் 25 பென்ஸ். சென்னைவாசிக்கோ அதே பழைய 155 பவுன் 65 பென்ஸ். வித்தியாசம் வாரத்துக்கு 74 பவுன் 60 பென்ஸ். வருஷத்துக்கு ஏறக்குறைய 3,880 பவுன். இருவரும் கட்டிய சந்தா ஒன்றே. உழைத்த வருஷங்களும் ஒன்றே.

வயது ஏற ஏற நஷ்டமும் ஏறுகிறது. பழைய திட்டத்தின்படி 2001-ல் முழு அடிப்படைப் பென்ஷன் 72 பவுன் 50 பென்ஸ். 2025-ல் அதுவே 176 பவுன் 45 பென்ஸ். 2001-ல் வெளிதேசம் சென்று, தொகை உறைந்து போனவருக்குப் பாதிகூடக் கிடைப்பதில்லை. தள்ளாமையும் வைத்தியச் செலவும் அதிகமாகும் காலத்திலேயே கையிருப்பு மெலிகிறது. பவுனுக்குக் கிடைக்கும் ரூபாய் முன்னைவிட அதிகமாயிற்றே என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான்; ஆனால் அரிசியும் மருந்தும் வீட்டு வாடகையும் அதே காலத்தில் ஏறாமல் நிற்கவில்லையே!

எல்லா அந்நிய தேசங்களுக்கும் இந்தக் கதி என்றாலாவது மனம் ஆறலாம். அப்படியுமில்லை. பிரான்ஸ், ஸ்பெயின் முதலிய ஐரோப்பிய தேசங்களில் குடியேறியவர்களுக்கு வருஷாந்தர உயர்வு உண்டு. அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் உண்டு. நம் தமிழர் பலர் பரம்பரையாக வாழும் மொரீஷியஸிலும் உண்டு. இந்தியாவில் இல்லை, இலங்கையில் இல்லை, மலேசியாவிலும் இல்லை. ஜமெய்க்காவில் உண்டு, டிரினிடாடில் இல்லை. நயாகரா நீர்வீழ்ச்சியின் அமெரிக்கக் கரையில் வசிக்கும் கிழவருக்கு உயர்வு வரும். எதிரே கனடாக் கரையில் வசிப்பவருக்கு வராது. இவ்வாறு பென்ஷன் உறைந்து போனவர்கள் நாலரை லட்சம் பேர் வரையில் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியா, கனடா, நியூஸிலாந்து ஆகிய தேசங்களில் வாழும் வெள்ளைக்காரர்களே என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது நிறத்தைப் பார்த்துச் செய்த அநீதி அல்ல. விலாசத்தைப் பார்த்துச் செய்தது.

சர்க்காரின் கட்சி

பிரிட்டிஷ் சர்க்கார் தரப்பில் சொல்வதையும் கேட்போம். கட்டிய சந்தா அவரவர் பெயரில் பெட்டியில் சேர்த்து வைக்கப்படவில்லை. இன்று உழைப்பவர் கட்டுவது இன்றைய முதியவர்களுக்கே போய்ச் சேருகிறது. பென்ஷன் உயர்வு இங்கிலாந்தின் விலைவாசிக்கு ஏற்பட்டது. வெளிதேசத்து விலைவாசிக்கு அன்று. உயர்வு பெறும் தேசங்கள் சட்டத்தாலோ பரஸ்பர ஒப்பந்தத்தாலோ அந்தச் சலுகையைப் பெற்றவை. எல்லோருக்கும் கொடுப்பதென்றால் பொக்கிஷம் தாங்காது. இதுவே அவர்கள் வாதம். மாறி மாறி வந்த இரண்டு பெரிய கட்சிகளின் மந்திரி சபைகளும் இதையே சொல்லி வந்திருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனட் கார்ஸன் என்னும் அம்மையார் இதை எதிர்த்து வழக்காடினார். 2005-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பிறகு அவரும் வேறு சிலரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010 மார்ச்சில் அந்த நீதிமன்றத்தின் பேராயம், 11 நீதிபதிகள் ஒரு பக்கமும் 6 பேர் மறு பக்கமுமாகப் பிரிந்து, சர்க்காருக்குச் சாதகமாகவே தீர்த்தது. இங்கிலாந்தில் வசிப்பவரையும் வெளியே வசிப்பவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது பெரும்பான்மையோர் கருத்து.

தீர்ப்பு சட்டத்தைச் சொல்லிவிட்டது. நியாயத்தைச் சொல்லிவிட்டதா? சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவோம். இந்தியாவில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரத் துரைமார்கள், ஓய்வு பெற்றதும் கப்பலேறிச் சீமைக்குப் போய், செல்ட்டன்ஹாம் போன்ற பட்டணங்களில் சுகமாய் வசித்தார்கள். அவர்களுடைய பென்ஷன் நம் ஏழைக் குடியானவரின் வரிப்பணத்திலிருந்து பவுனாக மாறிப் போய்ச் சேர்ந்தது. 'ஹோம் சார்ஜஸ்' என்ற செலவில் அதுவும் ஒரு பெரும் பகுதி. தாதாபாய் நௌரோஜி 1901-ல் வெளியிட்ட தம் பெரு நூலில், இந்தியாவின் செல்வம் வடிந்து போகும் வழிகளில் ஒன்றாக இதைக் காட்டினார். சுதந்திரம் வந்த பிறகும், 1948-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, அந்தப் பென்ஷன்களுக்கென்று இந்தியா தன் ஸ்டெர்லிங் இருப்பிலிருந்து பெருந்தொகையை ஒதுக்கிக் கொடுத்தது. அது உத்தியோகப் பென்ஷன், இது இன்ஷூரன்ஸ் பென்ஷன் என்ற வித்தியாசம் உண்டு. ஆயினும், வாங்குகிறவர் நம் நாட்டில் வசிக்கவில்லை என்பதைக் காட்டி அந்தக் கடனை நாம் தட்டிக் கழிக்கவில்லை.

வைத்தியத்தின் நிலை

பென்ஷனாவது பழைய அளவில் வந்துகொண்டிருக்கிறது. வைத்திய வசதியோ கரையிலேயே நின்றுவிடுகிறது. 1948 ஜூலை 5-ந் தேதி தொடங்கிய 'தேசிய சுகாதார சேவை'யின் ஆஸ்பத்திரிகளில் நம் தேசத்து டாக்டர்களும் நர்ஸ்களும் ஏராளமாய் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் இலவச சிகிச்சை சந்தாவைப் பொறுத்ததல்ல, வசிப்பிடத்தைப் பொறுத்தது. நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால், அங்கே இருபது முப்பது வருஷம் பணி செய்தவரும் இந்த உரிமையை இழந்துவிடுகிறார். ஐரோப்பிய தேசங்களில் குடியேறும் பென்ஷன்காரருக்கு 'எஸ்-1' என்னும் பத்திரத்தின் மூலம் அங்குள்ள வைத்தியச் செலவைப் பிரிட்டன் ஏற்கிறது. இந்தியாவுக்கு அத்தகைய ஏற்பாடில்லை.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே பொதுவாகப் பத்து வருஷ உழைப்புக்குச் சமமான 40 புள்ளிகள் சேர்ந்தால்தான் முதுமைப் பென்ஷன் உண்டு. ஆனால் அதைச் சம்பாதித்தவர் இந்தியாவில் வசித்தாலும் வருஷாந்தர உயர்வு தவறாமல் வருகிறது. செல்வம் மிக்க ஒரு தேசத்தால் முடிகிற காரியம் மற்றொன்றால் முடியாதது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. எனினும் அங்கும் 'மெடிகேர்' என்னும் முதியோர் வைத்தியத் திட்டம் பொதுவாகத் தேச எல்லைக்கு வெளியே செல்லாது.

என்ன செய்யலாம்?

வெளிதேசத்தில் உழைக்கும் பிள்ளைகளையும் சகோதரர்களையும் உடைய குடும்பங்கள், "கடைசியில் ஊருக்கு வந்துவிடலாம்" என்று பேசும்போது சில கணக்குகளையும் உடன் போட்டுப் பார்ப்பது நலம். எத்தனை வருஷச் சந்தா சேர்ந்திருக்கிறது, பத்துக்குக் குறைவாயிருந்தால் நிரப்ப வழியுண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பென்ஷன் தொகை உறைந்தே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அது இருபது வருஷத்துக்குப் பின் எவ்வளவு செல்லும் என்று கணக்கிட வேண்டும். வைத்தியத்துக்குத் தனியே சேமிக்க வேண்டும்; இந்தியாவில் வைத்திய இன்ஷூரன்ஸ் எடுப்பதானால் வயதும் வியாதியும் முற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இங்கிலாந்துக்கு மக்களைப் பார்க்கப் போனால், அங்கே தங்கும் வாரங்களுக்கு உயர்ந்த அளவுப் பென்ஷனைக் கேட்டுப் பெறலாம். திரும்பியதும் பழைய தொகைதான். உயிரோடிருப்பதை உறுதி செய்யும் பத்திரம் தபாலில் வந்தால், சாட்சிக் கையெழுத்துடன் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும்.

தனி மனிதர் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது இரண்டு சர்க்கார்களும் பேசித் தீர்க்க வேண்டியது. பரஸ்பர ஒப்பந்தமே வழியென்று பிரிட்டன் சொல்லுமானால், அத்தகைய ஒப்பந்தத்தைக் கேட்கும் கடமை நம் சர்க்காருக்கு உண்டு. வியாபார உடன்படிக்கைகளில் துணிக்கும் மதுவுக்கும் சுங்க வரி பேசுகிற மேஜையில், முதியவர்களின் பென்ஷனுக்கும் ஓர் இடம் கிடைக்க வேண்டும். கடன்பட்டவர், கடன் கொடுத்தவர் வீடு மாற்றிக்கொண்டார் என்பதற்காகத் தொகையைக் குறைப்பதில்லை. பென்ஷனும் உழைப்பவரிடம் பட்ட கடனே என்று ஒப்புக்கொள்ளும் நாளில், 'உபகாரச் சம்பளம்' என்ற பெயரையும் நாம் மாற்றி வைத்துவிடலாம்.